ஆடி மாதத்து மேசை

ஆடி பிறந்ததும் வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை என் கேமராப் பையைக் கவிழ்ப்பேன். கூடத்து மேசையில் பழைய வேட்டி ஒன்றை விரித்து, பைக்குள் இருக்கும் தடுப்புகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்துவிட்டு, தலைகீழாகப் பிடித்து இரண்டு தட்டு. முதலில் விழுவது அட்சதைதான். காய்ந்து வெளுத்த மஞ்சள் அரிசி கொஞ்சம், இன்னும் நிறம் போகாதது கொஞ்சம். கூடவே ரோஜா இதழின் சருகு, ஜிகினாத் துகள், ஒரு ஊக்கு, யாரோ கையில் திணித்த கல்கண்டு. சித்திரை, வைகாசி, ஆனி என்று மூன்று மாதமாக நான் நின்ற மணமேடைகள் எல்லாம் அந்த வேட்டியில் வந்து விழும்.

மயிலாடுதுறைப் பக்கம் கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவனுக்கு, ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிகிற இந்த ஒரு மாதம் வருமானம் இல்லாத மாதம். நிக்காஹ் உண்டு, சர்ச் கல்யாணம் உண்டு, பிறந்தநாள் உண்டு. ஆனால் எங்கள் ஊரில் மண்டபங்கள் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும். அப்படியிருந்தும், வருஷத்தில் எந்த மாதம் உனக்கு ரொம்ப வேண்டும் என்று கேட்டால் ஆடியைத்தான் சொல்வேன். இந்த மாதத்தில் இரண்டு வேலை வைத்திருக்கிறேன். எல்லாச் சாமான்களையும் சுத்தம் செய்வது ஒன்று. இதுவரை தெரியாத ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொள்வது இன்னொன்று.

முகூர்த்த நேரத்தில் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. கெட்டிமேளம் முழங்கத் தொடங்கி மூன்றாவது முடிச்சு விழும் வரை எனக்குக் கிடைப்பது அரை நிமிஷம்கூட இல்லை. முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். அடுத்த இரண்டை நாத்தனார் பின்னால் நின்று போடும்போது அவர் தலை, தோள், விளக்கு எல்லாம் குறுக்கே வரும். மேலிருந்து பூவும் அரிசியும் கொட்டும். வீடியோக்காரரின் சன் கன் விளக்கு ஒரு பக்கம், ஹோமப் புகை ஒரு பக்கம். அப்போது விரல் தானாகப் போக வேண்டிய இடத்துக்குப் போக வேண்டும். விரலை அப்படிப் பழக்க நாள் வேண்டும், அந்த நாள் எனக்கு ஆடியில்தான் கிடைக்கிறது.

2003இல் நான் ஒரு ஸ்டுடியோவில் உதவியாளாகச் சேர்ந்தபோதே இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஸ்டுடியோ நடத்திய அண்ணன் ஆடியில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் எனக்குக் கொடுத்த முதல் வேலை, லென்சின் பின்பக்கத்தில் இருக்கும் செம்புப் புள்ளிகளைத் துடைப்பது. "மெதுவாடா தம்பி, அதுலதான் அதுவும் கேமராவும் பேசிக்குது" என்பார். இன்றும் அந்தப் புள்ளிகளைத் துடைக்கும்போது என் கை மெதுவாகத்தான் போகிறது.

சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம். முதலில் ரப்பர் ப்ளோயரால் காற்று. பிறகு மென்மையான தூரிகை. அதற்கும் போகாத கறை இருந்தால் மட்டும் மைக்ரோஃபைபர் துணி, அதில் இரண்டு சொட்டு லென்ஸ் திரவம். திரவத்தை நேராகக் கண்ணாடியில் விட்டால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும், அதனால் துணியில்தான் விட வேண்டும். தூசு இருக்கும்போதே துணியை வைத்துத் தேய்த்தால் அந்தத் தூசே கண்ணாடியில் கோடு போட்டுவிடும். வாயால் ஊதுவதும் வேண்டாம், எச்சில் துளி ஒட்டிக்கொண்டால் அதை எடுப்பது தூசைவிடப் பெரிய வேலை.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் பாதிப் பேர் வேட்டி நுனியால் லென்ஸ் துடைக்கிறார்கள். கல்யாணத்துக்குக் கட்டி வந்த வேட்டி, கஞ்சி போட்டு மொடமொடவென்று தேய்த்தது. அந்தக் கஞ்சியோடு சேர்த்துத் தேய்ப்பது கண்ணாடிக்கு மேல் இருக்கிற மெல்லிய பூச்சைத்தான். ஒரு நாளில் தெரியாது. நாலு வருஷம் கழித்து எதிர் வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி முழுக்க முடிக்கற்றை போலக் கீறல் மின்னும். எனக்குத் தெரிந்த பையன்களுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு துணி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சட்டைப்பையில் ஒன்று இருந்தாலே வேட்டிப் பக்கம் கை போகாது.

கல்யாண வீட்டில் லென்சுக்கு வரும் ஆபத்துகளே தனி. வாசலில் பன்னீர் தெளிப்பார்கள், உள்ளே வரும் மாமா யாரென்று பார்க்கக் கேமராவைத் திருப்பினால் முன்கண்ணாடியில் நாலு துளி. சந்தனக் கை தோளைத் தட்டிக் கொடுக்கும், அடுத்து கேமராவையும் தொடும். ஹோமத்தில் விடுகிற நெய் புகையோடு கலந்து வந்து, கண்ணாடிமேல் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலமாகப் படியும். காலை ஆறு மணிக்கு எடுத்த படம் பளிச்சென்றும் எட்டு மணிக்கு எடுத்தது பால் ஊற்றினாற்போலவும் இருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். அதனால்தான் மணமேடையில் நிற்கும்போது லென்ஸ் முன்னால் ஃபில்டர் கண்ணாடி ஒன்று போட்டுவிடுகிறேன். தரம் குறையும் என்று சொல்பவர்கள் உண்டு. ஸ்டுடியோவுக்குள் நானும் கழற்றிவிடுவேன், ஹோம குண்டத்துக்கு மூன்றடியில் கழற்ற மாட்டேன். இந்த ஆடியில் 24-70 லென்சின் ஜூம் வளையம் ஓரிடத்தில் கரகரவென்றது. ரப்பரை ஓரமாக நகர்த்தினால் உள்ளே ஒரே ஒரு அட்சதை, பாதியாக உடைந்து. குண்டூசியால் எடுத்து வேட்டியில் போட்டேன்.

கேமராவுக்குள் படம் பதிகிற சென்சாரில் தூசு இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. லென்சின் துவாரத்தைச் சுருக்கி எஃப்/16இல் வைத்து வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம். திரையில் பெரிதாக்கினால் தூசு எல்லாம் சாம்பல் புள்ளியாகத் தெரியும். எஃப்/2.8இல் எடுத்தால் தெரியாது, துவாரம் சின்னதானால்தான் புள்ளி கூர்மையாகும். முக்கால்வாசித் தூசு ப்ளோயர் காற்றிலேயே போய்விடும், கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். போகாததற்குத்தான் ஸ்வாப் என்கிற துடைப்புக் குச்சி. ஒரு பக்கம் ஒரே இழுப்பு, திருப்பி மறுபக்கம் ஒரே இழுப்பு, அதோடு அந்த ஸ்வாப் குப்பைக்கு.

மேசையில் ஒரு ஓரத்தில் தனியாக வைக்கும் லென்ஸ் ஒன்று உண்டு. பழைய 85 எம்.எம். என் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் நல்ல லென்ஸ். அதன்மேல் இருந்த பிரியத்தில் தோல் உறைக்குள் போட்டு, அந்த உறையைப் பீரோவுக்குள் துணிகளுக்கு நடுவில் வைத்தேன். அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் விடாத மழை. தை பிறந்து எடுத்துப் பார்த்தபோது கண்ணாடிக்குள் சிலந்தி நூல் மாதிரி ஏதோ கிளை விட்டுப் படர்ந்திருந்தது. பூஞ்சை. இருட்டு, ஈரம், காற்றோட்டம் இல்லாத இடம், தின்னத் தோல். பூஞ்சைக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் நானே அக்கறையாகச் செய்து கொடுத்திருக்கிறேன்.

லென்சைத் திறந்து சுத்தம் செய்த மெக்கானிக் கண்ணாடியை விளக்கில் காட்டினார். நூல் போய்விட்டது, நூல் இருந்த தடம் போகவில்லை. பூஞ்சை விடுகிற அமிலம் பூச்சை அரித்துவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. இன்றும் அந்த லென்சைப் பயன்படுத்துகிறேன். வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது மட்டும் எடுக்க மாட்டேன், படம் முழுக்க மூடுபனி வந்துவிடும்.

காவிரிக் கடைமடையில் இருப்பவர்கள் வடகிழக்குப் பருவமழையோடுதான் தொழில் செய்ய வேண்டும். கார்த்திகையில் என் அறையில் ஈரமானி 85 சதவீதம் காட்டும். லென்சுக்கு வேண்டியது 40 முதல் 50. ரொம்பவும் வறண்டாலும் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் மசகுக்கும் ஆகாது. ஈரத்தைக் கட்டுக்குள் வைக்கும் மின்சார அலமாரி, ட்ரை கேபினட், வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். எனக்கு அதற்கு வெகுகாலம் ஆயிற்று. அதுவரை காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஒரு சின்ன ஈரமானி, அரைக் கிலோ சிலிக்கா ஜெல், இவ்வளவுதான். ஆரஞ்சு நிற ஜெல் ஈரம் குடித்தால் பச்சையாகும். அப்போது பழைய அலுமினியத் தட்டில் பரப்பி ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகிவிடும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு சேர்த்திருப்பார்கள், அதைச் சமையல் பாத்திரத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அரிசிப் பானைக்குள் லென்ஸ் வைக்கச் சொல்லும் யோசனையையும் விட்டுவிடுங்கள், அரிசி மாவு உள்ளே போவதுதான் மிச்சம். இவை எல்லாவற்றையும்விட நல்லது, லென்சை வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்துப் படம் பிடிப்பது.

ஈரம் இன்னொரு வழியிலும் வரும். ஏ.சி. போட்ட மணமகள் அறையில் ஒரு மணி நேரம் அலங்காரப் படம் எடுத்துவிட்டு, மாப்பிள்ளை அழைப்பு என்று வெளியே ஓடினால் குளிர்ந்த கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. துடைக்கத் துடைக்க மறுபடி படியும். அதற்காகவே இரண்டாவது கேமராவை அறைக்குள் கொண்டுபோகாமல் வெளியிலேயே உதவியாளரிடம் விட்டுவைக்கிறேன். தரங்கம்பாடியில் ஜோடிப் படம் எடுத்துவிட்டு வந்தால் வேலை வேறு மாதிரி. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, எதிரே கடல், சூரியன் கடலிலிருந்து எழும்போது கோட்டைச் சுவர் வெண்ணெய் நிறத்தில் மின்னும். ஆனால் உப்புக் காற்று. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் கேமரா உடம்பைத் துடைத்து, உடனே உலர் துணியால் ஒரு துடைப்பு. ட்ரைபாட் கால்களைக் குழாயில் கழுவி விரித்துக் காயவிடுவேன். இதை மறுநாளைக்கு ஒத்திப்போட்டால் திருகுகள் துருப்பிடிக்கும்.

ஆடியில் எனக்கு வரும் வேலை பெரும்பாலும் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் அவரவர் பிறந்த மாதமும் நட்சத்திரமும்தான் கணக்கு, ஆடி என்று ஒதுக்குவதில்லை. அமிர்தகடேசுவரர் கோயில் பிராகாரத்தில் ஒரே காலையில் எத்தனையோ தம்பதிகள் உட்கார்ந்திருப்பார்கள். புகைப்படக்காரனுக்கு அங்கே இடம் என்று எதுவும் கிடையாது, அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். கருங்கல் தூண், கருங்கல் மேல்தளம். கல்யாண மண்டபத்தில் ஃப்ளாஷை மேலே திருப்பி வெள்ளைக் கூரையில் மோதவிட்டு மெத்தென்ற வெளிச்சம் எடுப்போம். இங்கே மேலே திருப்பினால் கல் எல்லாவற்றையும் குடித்துவிடும். நேராக அடித்தால் அந்த வயதானவர்களின் முகத்தில் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் கறுப்புக் கோடு விழும். அதனால் மகனையோ மருமகனையோ ஒரு பக்கம் நிற்க வைத்து, அவர்கள் கட்டியிருக்கும் வெள்ளை வேட்டியில் ஃப்ளாஷை மோத விடுவேன். பட்டு வேட்டியாக இருந்தால் அதன் சந்தன நிறம் கொஞ்சம் முகத்தில் ஏறும், அது நன்றாகத்தான் இருக்கும்.

போன வருஷம் ஓர் எண்பதாம் கல்யாணம். கலசாபிஷேகத்தின்போது தம்பதியின் தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்து, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வரிசையாக வந்து கலச நீரை ஊற்றுவார்கள். நீர் சல்லடை வழியாக நூல் நூலாக இறங்கும். அந்த நூல்கள் ஒவ்வொன்றும் தெரிய வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. உதவியாளர் கையில் ஒரு ஃப்ளாஷைக் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, தம்பதிக்குப் பின்னால் இடது பக்கம் உயரப் பிடிக்கச் சொன்னேன். சக்தி 1/32, அதாவது முழு சக்தியில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. முழு சக்தியில் எரியும் ஃப்ளாஷ் அதிக நேரம் நீடிக்கும், நீர் இழுபட்டுக் கோடாகிவிடும். சக்தியை இறக்க இறக்க அது நீடிக்கும் நேரம் குறைந்து, ஒரு வினாடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அந்த நேரத்துக்குள் எந்தத் துளியாலும் நகர முடியாது.

முதல் கலசம் விழுந்ததும் அந்த அம்மா மூச்சு வாங்கி, கண்ணை இறுக்கி மூடி, சின்னப் பெண் மாதிரி சிரித்தார். "அம்மா, இந்தப் பக்கம் கொஞ்சம் பாருங்க" என்றேன். "நீ எடுப்பா, எனக்குக் கண்ணெல்லாம் தண்ணி" என்றார். பக்கத்தில் இருந்த ஐயா, தாமும் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறவர், நனைந்துபோன தம் துண்டாலேயே மனைவியின் முகத்தைத் துடைத்துவிட்டார். அந்தத் துண்டால் எதைத் துடைக்க முடியும்? ஆனாலும் துடைத்தார். படத்தில் அவர் கை பாதி வழியில் இருக்கிறது, நீர்த்துளிகள் பின் வெளிச்சத்தில் தனித்தனியாக நிற்கின்றன. இருபது வருஷத்துக்கு மேல் மணப்பெண்களையே எடுத்து வந்தவன் சொல்கிறேன், எண்பதாம் கல்யாணத்து முகத்துக்கு ஈடு கிடையாது. எல்லாரும் பார்ப்பார்களே என்ற எண்ணமே அவர்களுக்கு இருக்காது.

நான் செய்த ஒரு பெரிய தவறையும் எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே ஒரு கண்ணாடி மடங்கும் பழைய கேமராவிலிருந்து, அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறிய புதிது. சத்தமே வராமல் படம் எடுக்கலாம் என்பது எனக்குப் பெரிய வரமாகத் தெரிந்தது. மந்திரம் ஓதும்போது சடக் சடக் என்று அடிப்பது எனக்கே பிடிக்காது. ஒரு வரவேற்பில் ஏறக்குறைய மாலை முழுக்க எலெக்ட்ரானிக் ஷட்டரில், சத்தமின்றி எடுத்தேன். கேமராத் திரையில் அவசரத்தில் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. இரவு 2 மணிக்குக் கணினியில் திறந்தால் முகங்களின்மேல் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு, வெளிச்சம், இருட்டு, வெளிச்சம்.

நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. அதில் எரியும் மலிவான எல்.இ.டி. விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. எலெக்ட்ரானிக் ஷட்டரோ படத்தை ஒரே அடியாக எடுப்பதில்லை, மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. படித்து முடிப்பதற்குள் விளக்கு பல முறை மங்கிவிடுகிறது, மங்கிய நேரத்து வரிகள் இருட்டாகின்றன. மறுநாள் காலை பெண்ணின் அப்பாவுக்கு நானே ஃபோன் செய்து, நடந்ததைச் சொல்லி, அந்த மாலைக்கான பணம் வேண்டாம் என்றேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "சரி தம்பி, எங்க பாட்டி இருக்கற படம் ஒண்ணாவது நல்லா இருக்கா?" என்று கேட்டார். தேடினேன். அந்த ஷட்டரை விட்டு ஃப்ளாஷ் போட்டு எடுத்த குழுப் படம் ஒன்றில் பாட்டி இருந்தார். அதைப் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த ஆடி முழுக்க இந்த ஒன்றைத்தான் படித்தேன். வீட்டில் ஐந்தாறு வகை விளக்குகளை மாட்டி, ஒவ்வொரு ஷட்டர் வேகத்திலும் வெள்ளைச் சுவரை எடுத்து நோட்டில் குறித்தேன். 1/100, 1/50 இரண்டிலும் அந்த விளக்குகள் அடங்குகின்றன, ஒரு முழு மினுக்கலோ இரண்டு முழு மினுக்கலோ ஒரே படத்துக்குள் வந்துவிடுகிறது. அதைவிட வேகமாகப் போனால் பட்டை தெரியத் தொடங்குகிறது. மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்.இ.டி. திரை வேறு கணக்கில் மினுக்கும், அதற்கு அந்தந்த இடத்தில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றித்தான் பார்க்க வேண்டும். இப்போது கல்யாணத்துக்கு முதல் நாள் மாலையே மண்டபத்துக்குப் போய், மொபைலின் ஸ்லோ மோஷனில் விளக்குகளைப் பத்து வினாடி எடுப்பேன். மினுக்கும் விளக்கு அதில் துடிப்பது அப்பட்டமாகத் தெரியும். அங்கெல்லாம் திரை நிஜமாகவே திறந்து மூடுகிற மெக்கானிக்கல் ஷட்டர்தான். சத்தம் வந்தால் வரட்டும்.

இன்னொரு ஆடியில் சிவப்பைப் படித்தேன். எங்கள் ஊரின் ஒரு பகுதிதான் கூறைநாடு, கூறைப்புடவைக்குப் பெயர் வாங்கித் தந்த இடம். அந்த அரக்குச் சிவப்பும் பட்டுச் சிவப்பும் கேமராவுக்குச் சிரமமான நிறங்கள். படத்தின் மொத்த வெளிச்ச அளவு சரியாக இருப்பதாகக் கேமரா சொல்லும், ஆனால் சிவப்பு மட்டும் எல்லையைத் தாண்டி நிரம்பிவிட்டிருக்கும். அப்படி நிரம்பினால் புடவையில் நெசவு தெரியாது, பூ தெரியாது, சிவப்புச் சாயத்தை அப்பியது மாதிரி ஒரே பரப்பு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம், அதாவது வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம், வைத்துப் பார்த்து, சிவப்பு வலது சுவரில் முட்டாதபடி வெளிச்சத்தை அரை ஸ்டாப்போ முக்கால் ஸ்டாப்போ குறைத்து எடுத்து (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்), முகத்தின் வெளிச்சத்தைப் பிறகு கூட்டிக்கொள்கிறேன். நெய்தவரின் பல நாள் உழைப்பு அந்த அரை ஸ்டாப்பில் இருக்கிறது. அதைப் படத்தில் காட்ட வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.

போன ஆடிக்கு எடுத்துக்கொண்டது பல படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்குவது. அதற்குக் காரணம் தஞ்சாவூர். மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியிருக்கும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார்.  நாங்கள் ஒரே இடத்தில் நின்று கேமராவைச் சுழற்றுவோம். அவர் சுவரோடு சுவராக நகர்ந்துகொண்டே போயிருக்கிறார். ராஜராஜன் வெட்டுவித்த எழுத்துகள் முன் நின்று, இந்த வெயிலில், ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் ஒத்துப்போக எவ்வளவு காத்திருந்திருப்பார் என்று நினைத்தால் எனக்கு மரியாதை பெருகுகிறது. நான் தெருவில் நிற்கும் பெரிய குடும்பத்தை எடுக்கத்தான் இதைக் கற்றேன். எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிவிட்டு, படத்துக்குப் படம் மூன்றில் ஒரு பங்கு மேற்பொருந்த விட்டால் ஒட்டிவிடுகிறது. ஆட்கள் அசையாமல் நிற்பதுதான் கஷ்டம், குழந்தைகள் இரண்டு படத்திலும் வந்துவிடுவார்கள்.

இந்த ஆடியில் ஊஞ்சலை எடுத்துக்கொண்டேன்.

காசி யாத்திரை, மாலை மாற்றல் முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஊஞ்சலில் உட்காரவைத்து, பாலும் பழமும் கொடுத்து, பெண்கள் பாடிக்கொண்டே பச்சைப்பிடி, அதாவது நிறம் ஏற்றிய சோற்று உருண்டைகள், சுற்றுவார்கள். இதுவரை அதை நான் எடுத்த படங்கள் எல்லாம் ஒரே மாதிரி: இரண்டு பேர் ஒரு பலகையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊஞ்சல் ஆடுகிறது என்பதே படத்தில் இல்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிற வேகத்தில் எடுத்தால் அப்படித்தான் இருக்கும். ஆட்டமும் தெரிய வேண்டும், முகமும் கலையாமல் இருக்க வேண்டும்.

ஃப்ளாஷ் போட்டு எடுக்கும் படம் உண்மையில் இரண்டு படம். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க மண்டப வெளிச்சம் பதிவது ஒன்று, ஃப்ளாஷ் வெட்டும் கணத்தில் பதிவது இன்னொன்று. ஷட்டரை நன்றாக மெதுவாக்கினால் முதல் படம் இழுபட்டு ஆட்டமாகிறது, ஃப்ளாஷ் விழுந்த இரண்டாவது படம் கூர்மையாக நிற்கிறது. ஃப்ளாஷ் எப்போது எரிகிறது என்பதில்தான் விஷயம். சாதாரணமாக அது ஷட்டர் திறந்தவுடன் எரியும். அப்போது இழுபட்ட தடம் ஆளுக்கு முன்னால் விழுந்து, ஆள் பின்னோக்கிப் போவதுபோல இருக்கும். ரியர் கர்ட்டன் என்ற அமைப்பில் வைத்தால் ஷட்டர் மூடப்போகும் கடைசிக் கணத்தில் எரியும், தடம் ஆளுக்குப் பின்னால் விழும். ஃப்ளாஷைத் தானியங்கியில் விட்டால் அளவு பார்க்க முன்னால் ஒரு சின்ன மின்னல் அடிக்கும், அதற்கே கண் சிமிட்டிவிடுகிறவர்கள் உண்டு. அதனால் மேனுவல்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் பழைய ஊஞ்சல் ஒன்று இருக்கிறது. மகளை உட்காரவைத்து, அவள் அம்மாவின் சிவப்புத் துப்பட்டாவைத் தோளில் போட்டு, மூன்று நாள் மாலையில் ஒரு மணி நேரம் எடுத்தேன். முதல் நாள் எல்லாமே குழப்பம். முகத்தில் ஃப்ளாஷ் விழுந்தாலும் பின்னால் இருக்கும் டியூப் லைட் அவள் நெற்றி வழியாகத் தெரிந்தது. பின்னணி இருட்டாக இருக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது, இல்லாவிட்டால் அசையும் ஆளின் மேல் பின்னணி ஊடுருவிவிடும். இரண்டாம் நாள் டியூப் லைட்டை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் ஒரு குண்டு பல்பு மட்டும்.

அன்றைக்கு மகள் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னைத் திருப்பியது. "அப்பா, நான் மேல வந்து நிக்கறப்ப எடுங்க, அப்ப வயித்துல கூசாது." ஊஞ்சல் ஒவ்வொரு நுனியிலும் ஒரு கணம் நிற்கிறது. நடுவில் வரும்போதுதான் வேகம். அந்த நுனிக்குக் கொஞ்சம் முன்னால் ஷட்டர் திறந்து, நுனியில் ஃப்ளாஷ் அடித்தால், துப்பட்டாவின் தடம் வந்த வழியில் நீண்டிருக்கும், முகம் தெளிவாக நிற்கும். எங்கள் ஊஞ்சல் சங்கிலி ஏழடி. ஒருமுறை போய்த் திரும்ப ஏறக்குறைய 3 வினாடி, யார் உட்கார்ந்தாலும் அவ்வளவுதான், சங்கிலியின் நீளம்தான் கணக்கு. அதாவது ஒன்றரை வினாடிக்கு ஒரு நுனி. கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டுப் பழகினேன். மூன்றாம் நாள், தலை சுற்றுகிறது என்று அவள் இறங்குவதற்குள், பதினைந்து படத்துக்கு நாலு சரியாக வந்தது. எஃப்/5.6, ஐ.எஸ்.ஓ. 800, ஃப்ளாஷ் 1/16. நோட்டில் எழுதி, கேமராவின் தனி அமைப்பு ஒன்றில் சேமித்துக்கொண்டேன்.

ஆடிப்பெருக்கன்று துலாக்கட்டத்துக்குப் போயிருந்தேன், கேமரா இல்லாமல். புதுசாகக் கல்யாணம் ஆன பெண்கள் காவிரிக் கரையில் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, நான் வைகாசியில் எடுத்த பெண், அடையாளம் கண்டு, "அண்ணா, ஆல்பம் எப்ப வரும்?" என்று கேட்டாள். அடுத்த வாரம் கொடுத்தேன்.

ஆவணி முதல் முகூர்த்தத்திலேயே ஊஞ்சல் இருந்தது. காலையில் போனதும் சங்கிலியைத்தான் அண்ணாந்து பார்த்தேன், ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். எங்கள் வீட்டு ஊஞ்சலைவிடச் சீக்கிரம் திரும்பும். வீடியோக்காரரிடம், "அண்ணே, ரெண்டு நிமிஷம் சன் கன்னைக் கொஞ்சம் இறக்கிக்குங்க" என்று கேட்டேன், இறக்கினார். மெல்லத்தான் ஆட்டினார்கள். பாட்டின் தாளம் ஊஞ்சலின் தாளத்தோடு ஒட்டாமல் என்னைக் குழப்பியது, காதைப் பொருட்படுத்தாமல் பலகையை மட்டும் பார்த்தேன். பதினோரு படம். இரண்டு தேறியது. ஒன்றில் பெண்ணின் முகம் தெளிவாக நிற்க, மாலையும் புடவைத் தலைப்பும் பின்னால் சிவப்பு அலையாக நீள்கின்றன. ஆனால் மாலையின் தடம் மாப்பிள்ளையின் தாடைக்குக் குறுக்கே போகிறது. அவர் பெண்ணுக்கு வலப்பக்கம் இருந்தார், நானும் அந்தப் பக்கமே நின்றுவிட்டேன். அடுத்த முறை இடப்பக்கம் போய், பலகையின் உயரத்துக்குக் குனிந்து எடுத்துப் பார்க்க வேண்டும்.